மலையில் தொலைந்தவரும் திருப்பூரில் இருந்தவனும்

போன வருஷம் டிசம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் என் வீட்டுக்காரர் காணாமல் போனார்.

நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். எங்கள் தெருக்குழாயில் விடிவதற்கு முன்னால்தான் தண்ணீர் விடுவார்கள். குடத்தோடு திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் போர்வை இருந்தது, ஆள் இல்லை. அவருடைய செருப்பும் குரங்குக் குல்லாவும் இல்லை. குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டுத் தெருமுனை வரை ஓடினேன். முழங்கால் வலிக்கிற கிழவி எவ்வளவு தூரம் ஓட முடியும்? பால்காரரைத் தவிர தெருவில் ஒருவரும் இல்லை.

பிரியமானவர்களே, இதைச் சபையில் நின்று சொல்லும்படி போதகர் கேட்டார். நின்றால் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும். அதனால் எழுதித் தருகிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அவர் பெயர் சாமுவேல். எங்கள் ஆயுசில் பாதிக்கு மேல் மலைக்கு மேலே கேரளத்துப் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கழிந்தது. நான் காய் எடுக்கப் போவேன். அவர் ஸ்டோரில் இருந்தார். பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டிடத்தைத்தான் ஸ்டோர் என்போம். அங்கே தீ போடுகிற வேலை அவருக்கு. சூடு கூடினால் காய் நிறம் மாறிவிடும், குறைந்தால் பூசணம் பிடித்துவிடும் என்று ராத்தூக்கம் இல்லாமல் பார்ப்பார். மலையில் இருந்த எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பாட்டை எடுத்துக்கொடுப்பதும் அவர்தான். கிறிஸ்துமஸ் மாதம், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு லயம் பாடிக்கொண்டு போவோம். அவர் குரல் முதலில் வரும், எங்கள் குரல் பின்னால் வரும். உடம்பு தளர்ந்த பிறகு கீழே இறங்கி, போடியில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம்.

கீழே வந்த கொஞ்ச காலத்தில் மறதி ஆரம்பித்தது. முதலில் சாவியை மறந்தார். பிறகு கடைக்குப் போனவர் வீடு தெரியாமல் நின்றார். பிறகு, சாப்பிட்டுக் கையைக் கழுவிய ஈரம் காயும் முன்னே, "இன்னும் சோறு போடலையா?" என்று கேட்டார். தேனியில் காட்டினோம். இது ஞாபகத்தைத் தின்கிற வியாதி, மாத்திரையால் கொஞ்சம் மெதுவாக்கலாம், மாற்ற முடியாது என்றார் டாக்டர். நல்ல மனிதர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார். இருந்தாலும் பஸ்சில் வரும்போது சேலைத்தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். பக்கத்தில் அவர் சின்னப்பிள்ளை மாதிரி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

விடிந்தால் போதும், "ஸ்டோருக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிடுவார். இன்றைக்கு லீவு என்று சொல்லி உட்கார வைப்பேன். அந்த ஒரு சனிக்கிழமைதான் சொல்ல நான் பக்கத்தில் இல்லை.

இன்னொரு துக்கத்தையும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்தச் சாட்சி பாதிதான்.

எங்களுக்கு ஒரே மகன், ஜெபராஜ். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்த்த கவிதாவை விரும்பி, எங்களிடம் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். கவிதா இந்துக் குடும்பத்துப் பெண். அவன் வந்து விஷயத்தைச் சொன்ன அன்று, என் வீட்டுக்காரர் அவனை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. என் சாவுக்கும் நீ வரக்கூடாது என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற மனிதர் இல்லை அவர். இவனும் அவருக்குப் பிறந்தவன்தானே. திரும்பிப் போனவன் போனவன்தான். பேத்தி பிறந்ததைக்கூட நான் ஃபோனில்தான் கேட்டேன். நிலா என்று பெயர். அவள் தவழ்ந்ததும் நடந்ததும் எனக்குப் படமாகத்தான் தெரியும்.

கிறிஸ்துமஸ் வந்தால் மற்ற வீடுகளில் ஸ்டார் தொங்கும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்சு இறங்குவார்கள். நானும் ஸ்டார் கட்டுவேன், அதிரசம் சுடுவேன். யாருக்காகச் சுடுகிறேன் என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். என் ஜெபம் இரண்டே வரிதான். ஆண்டவரே, இவருக்கு ஞாபகத்தைத் திருப்பிக் கொடும். ஆண்டவரே, என் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவாரும். வருஷக்கணக்காக அதையே கேட்டுக் கேட்டு, ஆண்டவருக்கே சலித்திருக்கும் என்று நினைத்தேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டுப் பாண்டி, தோட்டத்து ஆட்களை மலைக்கு ஏற்றிப்போகிற ஜீப்பு ஓட்டுகிறவர். அன்று அவர் வண்டி எடுக்கவில்லை. என் சத்தம் கேட்டு எழுந்து வந்தவர் முகம்கூடக் கழுவாமல் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் போனார். குல்லா போட்ட பெரியவர் ஒருவர், காய் எடுக்கப் போகிற பெண்களோடு ஏதோ ஒரு ஜீப்பில் ஏறியதாக அங்கே டீக்கடைக்காரர் சொன்னார். எந்த ஜீப்பு என்று தெரியவில்லை. அந்நேரம் எத்தனையோ வண்டிகள் மலைக்குப் போகும். பாண்டி இவருடைய படத்தைத் தன் நம்பரோடு டிரைவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். காவல் நிலையத்திலும் போய்ச் சொன்னோம். அவர்களும் படத்தை வாங்கிக்கொண்டு, போடிமெட்டு சோதனைச்சாவடிக்குத் தகவல் சொன்னார்கள்.

மத்தியானம் ஒரு டிரைவர் கூப்பிட்டார். பூப்பாறை தாண்டி ஒரு வளைவில் பெரியவர் தானாகவே இறங்கிப் போனாராம். ஸ்டோருக்குப் போகிறேன் என்றாராம். பழைய வேலைக்காரர்போலப் பேசியதால் டிரைவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். இறங்க விட்டிருக்கக் கூடாது என்று அந்தத் தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாண்டியும் நம் சபைப் பிள்ளைகள் சிலரும் உடனே மலைக்குப் போனார்கள். எங்கள் பழைய தோட்டம் கைமாறிப் பல வருஷம் ஆகிறது. அந்த ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. இப்போது காய் உலர்த்துவது வேறு இடத்தில், மெஷினில். இந்தப் பக்கம் யாரும் வரவில்லை என்றார் காவலாளி. பள்ளத்திலும் பாதையிலும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் மழைத்தூறலோடு மூட்டம் இறங்கியது. கை நீட்டினால் கை தெரியவில்லையாம். அந்தப் பக்கம் யானை நடமாட்டம் வேறு. இருட்டுவதற்குள் இறங்கிவிட்டார்கள்.

பாண்டி வாசலுக்கு வந்து நின்றார்.

"காலையில மறுபடி போறோம் பெரியம்மா," என்றார். "நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க."

அதுவரை நான் ஜெபராஜிடம் சொல்லவில்லை. கிடைத்துவிடுவார், கிடைத்தபின் சொல்லலாம் என்று இருந்தேன். இனித் தள்ள முடியாது என்று ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு கேட்டான்:

"அம்மா, நான் வரட்டுமா?"

பெற்ற தகப்பனைத் தேடுவதற்கு என் பிள்ளை அனுமதி கேட்டான். அதுதான் என்னை உடைத்தது.

"வாப்பா. வெரசா வா," என்றேன்.

அன்று ராத்திரி, வீடுவீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வருகிற நம் சபைக் கீதபவனி எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வந்தார்கள். மேளமும் இல்லை, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷமும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயில் நெருக்கி உட்கார்ந்து ஜெபித்தார்கள். நான் சமையல்கட்டில் முழங்கால் போட்டேன். எனக்கு நீளமாக ஜெபிக்க வரவில்லை. ஞாபகத்தைக் கொடும் என்றும் கேட்கவில்லை. "அவர் குளிர் தாங்க மாட்டார் ஆண்டவரே. யாராவது ஒருத்தர் அவரைப் பார்க்கணும்," என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். மனதில் சமாதானம் வந்தது என்று சொன்னால் அது பொய். பயம் அப்படியேதான் இருந்தது. பயத்தோடேயே கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஜெபராஜ் வந்து இறங்கினான். காதோரம் நரைத்திருந்தது. பழைய நினைப்பில் வாசலிலேயே நின்றான். கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு, பாண்டியின் ஜீப்பில் ஏறினான். நானும் ஏறினேன். வேண்டாம் என்று இருவரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

போடிமெட்டு ஏறுகிற வளைவு ஒவ்வொன்றிலும் பள்ளத்தைப் பார்த்தேன். ஜெபராஜும் பார்த்துக்கொண்டே வந்தான். மெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பாண்டியின் ஃபோன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டினார். கேட்டுக்கொண்டே இருந்தவர் அப்படியே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர் தலையைத் தூக்காமலே ஃபோனை என்னிடம் நீட்டினார்.

பேசியது மலையில் ஒரு கோயிலில் ஆராதனை நடத்துகிற உபதேசியார். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

"பேடிக்காதீங்க அம்மச்சி, பயப்படாதீங்க. ஆளு இங்க சர்ச்சில இருக்காரு. சுகமா இருக்காரு. சூடா கட்டஞ்சாயா குடிச்சுக்கிட்டு இருக்காரு."

ஃபோனை அப்படியே ஜெபராஜின் காதில் வைத்தேன்.

நாங்கள் போனபோது ஆராதனை இன்னும் தொடங்கவில்லை. தகரக்கூரை போட்ட சின்னக் கோயில். கடைசிப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். தோளைச் சுற்றி யாருடைய கம்பளியோ இருந்தது. இரண்டு பக்கமும் ஓர் இளம் புருஷனும் பெண்ஜாதியும் இருந்தார்கள். வடக்கே ஜார்கண்டிலிருந்து தோட்டவேலைக்கு வந்தவர்கள். மனோஜ், அனிதா என்று பிறகுதான் பெயர் தெரிந்தது. நான் போய் அவர் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது. அந்தச் சூட்டை இப்போது நினைத்தாலும் என் கண் நிறைந்துவிடும்.

ஜெபராஜ் உள்ளே வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தகப்பனுடைய கோபத்துக்கு அவன் பயந்தான். எனக்கும் பயம்தான். ஒரே குடும்பம், ஆனால் அந்தக் கோயிலில் நானும் அவனும் அடுத்து என்ன நடக்குமோ என்று பயந்து நின்றோம்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வந்துட்டியாப்பு?" என்றார். "சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். ஜெபராஜ் ஓடிவந்து அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். இவர் அவன் தலையைத் தடவிக்கொண்டு, "என்னப்பு, யாரும் வைஞ்சாங்களா?" என்று கேட்டார்.

பிரியமானவர்களே, இவருக்கு அந்தச் சண்டையே நினைவில் இல்லை. பதிவுத் திருமணம் நினைவில் இல்லை. வாசலில் சொன்ன வார்த்தை நினைவில் இல்லை. ஞாபகத்தைக் கொடும், ஞாபகத்தைக் கொடும் என்று நான் மன்றாடிக்கொண்டிருந்த காலம் முழுக்க, அந்த வியாதி மற்றதைத் தின்றதுபோல அவர் கோபத்தையும் தின்று முடித்திருந்தது. மகன் என்ற ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. வியாதியைக் கர்த்தர் கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வியாதிக்குள்ளும் கர்த்தர் கை இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அனிதாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான். உபதேசியார்தான் நடந்ததைக் கேட்டுச் சொன்னார். சனிக்கிழமை வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பும்போது, மூட்டத்துக்குள் ஒரு கிழவர் விழுந்த விறகுக் கொம்புகளைப் பொறுக்கிக் கைநிறைய அடுக்கிக்கொண்டு நின்றாராம். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாராம். இவர் பேசியது அவர்களுக்குச் சரியாகப் புரியவில்லை. அவர்கள் பேசியது இவருக்குப் புரியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய், உலர்ந்த துணி கொடுத்து, அடுப்படியில் உட்கார வைத்தார்கள். இவர் சாப்பிட மாட்டேன் என்று அடுப்பிலேயே கண்ணாக இருந்தாராம். தீயைச் சரிசெய்து திருப்திப்பட்ட பிறகு, சாப்பிட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தாராம்.

கிறிஸ்துமஸ் பாட்டு. நாங்கள் லயத்துக்கு லயம் பாடிப்போன பாட்டு. சொந்த வீட்டுக்கு வழி மறந்தவருக்கு அதில் ஒரு வரி மறக்கவில்லை. அந்த ராகம் அனிதாவுக்குத் தெரியும். அவர்கள் ஊர்க் கோயிலிலும் அதே ராகம்தான், வார்த்தைதான் வேறே. அவளும் கூடச் சேர்ந்து பாடினாளாம். நம்மைச் சேர்ந்த மனுஷன், சர்ச்சுக்குக் கொண்டுபோனால் யாருக்காவது தெரியும் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. லயத்தில் ஃபோன் சிக்னல் கிடையாது. காலையில் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்தார்கள். டிரைவர்கள் அனுப்பிய படம் உபதேசியாரின் ஃபோனில் ஏற்கெனவே வந்திருந்தது.

யாராவது ஒருத்தர் அவரைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். பார்த்தது போடியில் எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை. எங்கேயோ பிறந்து, பிழைப்புக்காக இந்த மலைக்கு வந்த இரண்டு பிள்ளைகள். தோட்டத்தில் அவர்களைப் பெயர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடுவதில்லை, வடக்கிலிருந்து யார் வந்தாலும் வங்காளி என்றுதான் சொல்வார்கள். அவர்களை அந்தப் பாதையில் அந்த நேரத்தில் நடக்க வைத்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த நாள் கவிதா குழந்தையோடு வந்தாள். மாமியார் என்ன சொல்வாளோ என்று அவளும், மருமகள் எப்படிப்பட்டவளோ என்று நானும், இருவருமே தடுமாறினோம். இவர்தான், "உள்ள வா ஆத்தா, வெயில்ல நிக்காத," என்றார். யாரென்று தெரிந்து கூப்பிட்டாரா, தெரியாமல் கூப்பிட்டாரா, எனக்குத் தெரியாது.

காய்கறி நறுக்கும்போது கவிதா மெல்லச் சொன்னாள். "மாமா கிடைக்கணும்னு நானும் எங்க மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன் அத்தை. தப்பா எடுத்துக்காதீங்க."

முன்பாக இருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அன்று அவள் முகத்தைப் பார்த்தேன். கண் வீங்கியிருந்தது. பார்த்தேயிராத மாமனாருக்காக அழுத கண். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்லாயிரு தாயி," என்றேன். நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் ஒரு கண்ணீரையும் என் ஆண்டவர் தள்ளமாட்டார் என்றும் எனக்குத் தெரியும். இதைச் சபையில் சொல்லலாமா என்று போதகரிடம் கேட்டேன். சொல்லுங்கள் என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீடு கொள்ளவில்லை. விடியற்காலை ஆராதனையில் நாங்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிரசங்கத்தின் நடுவில் இவர் திடீரென்று பாட ஆரம்பித்தார். நான் வாயைப் பொத்தப் போனேன். போதகர் கையைக் காட்டித் தடுத்து, இவர் முழுப் பாட்டையும் முடிக்கிறவரை நின்று, அதற்குப் பிறகுதான் மிச்சத்தைப் பேசினார். மத்தியானம் மனோஜும் அனிதாவும் பாண்டியின் ஜீப்பில் வந்தார்கள். ஒரு தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்தாள் அனிதா. திறந்தால், நம் அதிரசம். அரிசிமாவும் வெல்லமும்தான். அவர்கள் ஊரிலும் கிறிஸ்துமஸுக்கு இதைத்தான் சுடுவார்களாம். நான் சுட்டதையும் அவள் சுட்டதையும் ஒரே தட்டில் வைத்தேன். நிலாவுக்கு எது எது என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

இப்போது கவிதாவும் நிலாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். ஜெபராஜ் லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்துவிடுகிறான். அடுத்த வருஷத்துக்குள் இங்கேயே ஒரு வேலை பார்த்துவிடுவேன் என்கிறான். இவருடைய வியாதி குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. சில நாள் என்னையே, "நீங்க யாரும்மா?" என்று கேட்கிறார். அப்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் முன்போல நான் அந்தக் கேள்விக்கு முன்னால் தனியாக நிற்பதில்லை. "அப்பத்தா, தாத்தா, உங்க அப்பத்தா!" என்று நிலா உரக்கப் பதில் சொல்லி, அவரையும் என்னையும் சிரிக்க வைக்கிறாள். தன் பங்குக்கு அவரைச் சாப்பிட வைக்கிறாள். அவர் அவளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார்.

இதைப் படிக்கிற உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு நோயாளி இருக்கலாம். பேசாமல் போன பிள்ளை இருக்கலாம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஜெபம் இருக்கலாம். நான் படித்தவள் இல்லை, உங்களுக்குப் போதிக்க எனக்குத் தகுதியும் இல்லை. ஒன்றை மட்டும் அனுபவித்துச் சொல்கிறேன். விட்டுவிடாதீர்கள். பயம் போன பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், பயத்தோடேயே கேளுங்கள். நீங்கள் கேட்டது கிடைக்காமலும் போகலாம். எனக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. தேவைப்பட்டது கிடைத்தது. அதை ஆண்டவர் யார் கையில் கொடுத்தனுப்புவார் என்று மட்டும் நம்மால் சொல்ல முடியாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரையும் வழிப்போக்கரையும் நல்ல கண்ணோடு பாருங்கள்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். உங்கள் பாரத்தைச் சொல்லி அனுப்புங்கள், உங்களுக்காகவும் ஜெபிக்கிறோம். யாருக்காக ஜெபிக்கிறோம் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருப்பார். முடியும்போது எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வார்.